இடக்கரடக்கலும் ஒரு களிம்பும்

நன்னூல் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்து, முதலாவதற்கு எடுத்துக்காட்டுச் சொல்லும் இடம் அது. 'கால் கழுவி வந்தான்' என்று சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு எழும். அது முன்வரிசைக்கு வந்து சேர அரை நிமிடம் ஆகும். அவையில் வாய்விட்டுச் சொல்லத் தகாத ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். தொல்காப்பியர் காலத்திலிருந்தே தமிழில் இதற்கு விதி உண்டு. நாகரிகமான விதிதான். பதினெட்டு ஆண்டுகளாக இதைக் கற்பித்து வரும் நாம் அதற்கு எதிராக வழக்காட வரவில்லை.

ஆயினும் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறோம். அதே மாணவர்களிடம் சைவ சித்தாந்தம் பற்றிப் பேசும்போது, ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களை ஒரு மணி நேரம் விளக்கினாலும் ஒருவரும் சிரிப்பதில்லை. உயிரைப் பற்றிய மலம் அவைக்கு ஏற்றது. உடலில் தங்கிய மலம் ஏற்றதன்று. ஆணவ மலத்துக்குச் செம்பில் ஊறும் களிம்பை உவமை சொல்வது சித்தாந்த மரபு. நாம் இங்கு எழுதப் போவதும் ஒரு களிம்பைப் பற்றியே. இது மருந்துக் கடையில் சிறு குழாயில் அடைத்து விற்பது. நாள்பட்ட மலச்சிக்கலால் ஆசனவாயில் வெடிப்பு உண்டானவர்களுக்கு, அங்குள்ள சுருக்குத் தசையைத் தளர்த்துவதற்காகத் தரப்படுவது. இலக்கியம் படிக்க வந்த இடத்தில் இது என்ன என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குச் சென்றிருந்தோம். காலை முதல் மாலை வரை மர பெஞ்சில் இருப்பு. அத்தனை ஆசிரியர்களுக்கும் சேர்த்துத் திறந்து வைக்கப்பட்டிருந்த கழிப்பறைகளில் பாதி நேரம் தண்ணீர் வராது. தண்ணீர் குடித்தால் சங்கடம் என்று குடிப்பதைக் குறைத்துக் கொள்வது இத்தகைய முகாம்களில் ஆண்களுக்கு வழக்கம். பெண் ஆசிரியர்களுக்கு அது கட்டாயம். பொட்டலச் சாப்பாடும் தேநீரும் வெயிலுமாகப் பத்து நாள் கழிந்தது. பதினோராம் நாள் காலையில் கண்ணாடிச் சில்லு ஒன்று உள்ளிருந்து கீறிக்கொண்டு வருவதைப் போன்ற வலி. கழுவிய நீரில் சில துளி சிவப்பு. வலி அத்துடன் முடியவில்லை. கழிப்பறையை விட்டு வந்த பிறகும் இரண்டு மணி நேரம் எரிந்துகொண்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டும் இருந்தது. ஒரு வகுப்பு முழுவதையும் நாற்காலியைத் தொடாமல் நின்றபடியே நடத்தினோம். மாணவர்கள் அதை ஆர்வம் என்று எடுத்துக் கொண்டார்கள்.

மருந்துக் கடையில் இரத்தம் என்ற ஒரு சொல்லைச் சொன்னதுமே மூலத்துக்கான களிம்பு கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் எது வந்தாலும் அதற்குப் பெயர் மூலம். பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து, மூன்றாவதாக ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. மூலம் என்பது வீங்கிய இரத்த நாளத் திண்டு. பவுத்திரம் என்பது சீழ் வழி தேடித் துளைத்துக்கொண்ட பாதை. வெடிப்பு என்பது தோல் கிழிந்த புண். யூகி முனிவர் மரபில் மூல நோயையே 21 வகையாகப் பிரித்துப் பெயரிட்ட சித்த மருத்துவம் நம்முடையது. நாம்தான் அத்தனையையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறோம். மூலம் என்ற சொல்லே இடக்கரடக்கலாகிவிட்டது.

ஆறு வாரம் கழித்து, அரசு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் முன் அமர்ந்திருந்தோம். அமர்ந்திருந்தோம் என்பது மரியாதைக்காகச் சொல்வது, ஒருபுறமாகச் சாய்ந்திருந்தோம். படுக்க வைத்து, விரலால் சோதிக்காமல், சற்றே விலக்கிப் பார்த்ததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. "மூலம்னு யார் சார் சொன்னது? இது வெடிப்பு. தசை இறுகிப் போய் இருக்கு. வலியால இறுகுது, இறுகறதால ஆற மாட்டேங்குது. கத்தி வேண்டாம், முதல்ல களிம்பு போட்டுப் பார்ப்போம்" என்றார். பிறகு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் வரைந்தார்.

அந்த இரண்டு வட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆசனவாய்க் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம். அதைச் சூழ்ந்து இரண்டு சுருக்குத் தசைகள். வெளித் தசை நம் சொல் கேட்கும். பேருந்தில் இருக்கும்போது அடக்கிக் கொள்வது அதனால்தான். உள் தசை நம் சொல் கேட்காது. குடலைப் போல அது தானே இயங்குவது. நாம் உறங்கும்போதும் வாயிலைச் சாத்தி வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். மலக்குடல் நிறைந்ததும் அது தானாகச் சற்றுத் தளர்ந்து கொடுத்து, போவதா பொறுப்பதா என்ற முடிவை வெளித் தசையிடம் விட்டுவிடும். இவ்வளவு பணிவான ஒரு காவலாளி, பக்கத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் மட்டும் முரடனாகிவிடுகிறான்.

இறுகி வறண்ட மலம் வெளியேறும்போது மெல்லிய தோல் கிழிகிறது. பெரும்பாலும் பின்புறத்து நடுக்கோட்டில்தான் கிழியும். அவ்விடத்துக்கு இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைவு. கிழிந்த வலியில் உள் தசை இறுகுகிறது. இறுக்கத்தில் இரத்தம் இன்னும் குறைகிறது. இரத்தம் சேராத புண் எப்படி ஆறும்? ஆறாத புண்ணுக்கு அஞ்சி மனிதன் போவதையே ஒத்திப் போடுகிறான். ஒத்திப் போடப் போட, மலக்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டு மலத்தை இன்னும் கல்லாக்குகிறது. மறுநாள் அது மறுபடி கீறுகிறது. மலச்சிக்கல் என்ற சொல்லில் இருப்பது நூல் சிக்கலின் சிக்கல்தான் என்று எண்ணிக் கொண்டோம். இழுக்க இழுக்க இறுகுவது.

இச்சிக்கலை எங்கே அவிழ்ப்பது என்பதில் மருத்துவ உலகம் நெடுங்காலம் தசையின் மேல்தான் கை வைத்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சில் ரெகாமியே என்ற மருத்துவர் விரல்களால் வாயிலை வலிந்து விரித்தார். பல தலைமுறைகள் அவ்வாறே விரித்தன. தசை எங்கே எவ்வளவு கிழியும் என்பது யார் கையிலும் இல்லாததால் அந்த முறை இன்று பெரிதும் கைவிடப்பட்டுவிட்டது. 1951இல் ஐசன்ஹாமர் உள் தசையை மட்டும் அளவாக வெட்டும் முறையை எழுதினார். பின்புற நடுவில் வெட்டாமல் பக்கவாட்டில் வெட்டுவது 1960களின் இறுதியில் நொட்டாராஸ் காட்டிய வழி. இன்றும் ஆறாத வெடிப்புக்கு அதைவிட உறுதியான சிகிச்சை இல்லை. ஆனால் வெட்டிய தசை திரும்ப ஒட்டாது. ஒரு சிலருக்கு வாயுவை அடக்க முடியாமல் போகும். உள்ளாடையில் கறை படியும். அவையில் சொல்ல முடியாத ஒன்றுக்குத் தீர்வு தேடிப் போய், அவையிலேயே இருக்க முடியாத ஒன்றை வாங்கி வருவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

தசையை வெட்டாமல் சில வாரங்களுக்கு மட்டும் தளர்த்தி வைக்க முடிந்தால்? இந்தக் கேள்விக்கு விடை வந்த வழி, நாம் அறிந்த மருந்துக் கதைகளிலேயே வினோதமானது. 1847இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் நைட்ரோகிளிசரினைக் கண்டறிந்தார். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்த அவருக்குக் கடுமையான தலைவலி வந்தது. அதைவிடக் கடுமையாக அந்த நீர்மம் வெடித்தது. அதைப் பக்குவப்படுத்தி ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதே பொருளை மிகக் குறைந்த அளவில் நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். நோபல் 1896இல் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், தமக்கே நைட்ரோகிளிசரின் மருந்தாக எழுதித் தரப்பட்டிருக்கும் விதியின் கேலியை ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். மக்கள் அஞ்சக் கூடாது என்பதற்காக மருந்துக்கு வேறு பெயர் சூட்டியிருந்தார்களாம். மருத்துவத்திலும் இடக்கரடக்கல்!

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிய இன்னும் நூறாண்டு பிடித்தது. நைட்ரோகிளிசரின் உடலில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை விடுவிக்கிறது என்று 1977இல் ஃபெரிட் முராட் காட்டினார். இரத்தக் குழாய்த் தசைகளுக்குத் தளர்ந்துகொள் என்று சொல்லும் செய்தி அந்த வாயுவே. அவருக்கும் ஃபர்ச்காட், இக்னாரோ ஆகியோருக்கும் 1998இல் கிடைத்த பரிசு, நோபலின் பெயரில் அமைந்த பரிசேதான். ஆசனவாயின் உள் தசைக்கும் நரம்புகள் தளரச் சொல்வது இதே நைட்ரிக் ஆக்சைடு வழியாகத்தான் என்று 1990களின் தொடக்கத்தில் தெரிய வந்தது. இதயத்துக்குக் கொடுக்கும் செய்தியை அங்கேயும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. 1997இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் லண்ட், ஸ்கோல்ஃபீல்ட் என்ற இரு மருத்துவர்கள் 80 பேரிடம் 0.2 சதவீதக் களிம்பைச் சோதித்தார்கள். எட்டு வாரத்தில் மருந்திட்டவர்களில் 68 சதவீதத்தினருக்கு வெடிப்பு ஆறியது. வெறுங்களிம்பிட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கே ஆறியது.

அந்த எண்ணைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். பின்னர் நடந்த பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2012ஆம் ஆண்டின் காக்ரன் ஆய்வில் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. மருந்திட்டவர்களில் 48.9 சதவீதம், இடாதவர்களில் 35.5 சதவீதம். ஆறியவர்களில் பாதிப் பேருக்கு நாளடைவில் திரும்ப வருகிறது என்றும் அதில் இருக்கிறது. இடாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு எப்படி ஆறியது என்றுதான் கேட்க வேண்டும். மலம் இளகியதால் ஆறியது என்பதே பெரும்பாலும் விடை. களிம்பு மலச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. அது சிக்கலின் ஒரு முனையைத் தளர்த்திக் கொடுக்கிறது; மறுமுனையை நாம் அவிழ்த்தாக வேண்டும்.

எனவே நமக்குத் தரப்பட்ட சீட்டில் களிம்பு மூன்றாவது வரியில்தான் இருந்தது. முதல் வரியில் இரவில் வெந்நீரில் இசப்கோல். குஜராத்தில் பெருமளவு விளைகிற ஒரு சிறு செடியின் விதை உமி அது. நீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு மலத்தை மெத்தென்று ஆக்குகிறது. நீர் போதாமல் அதைக் குடித்தால் அதுவே அடைத்துக் கொள்ளும் என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் வரியில் காலையிலும் மாலையிலும் இளஞ்சூடான நீர் நிரப்பிய அகன்ற தொட்டியில் பத்து நிமிடம் உட்காருதல். பிறகுதான் களிம்பு. பட்டாணி அளவு எடுத்து, விரலுக்கு உறையிட்டு, வாயிலின் விளிம்பிலும் சற்றே உள்ளும் தடவ வேண்டும். மூலக் களிம்பைப் போல வலிக்கும்போது தடவி வலி நின்றதும் மூடி வைத்துவிடுவது இங்கே பயன்படாது. எரிச்சலை மரத்துப் போகச் செய்வது இதன் வேலை அன்று. தசையைத் தளர வைத்துப் புண்ணுக்கு இரத்தத்தைக் கொண்டு வருவதுதான். இரண்டு வாரத்தில் வலி போய்விடலாம்; புண் ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பலரும் இந்த இடைவெளியில்தான் குழாயைத் தூக்கி எறிகிறார்கள் என்றார் மருத்துவர்.

முதல் மூன்று நாள் சொப்ரேரோவின் தலைவலி என்ன என்பதை நாமும் அறிந்தோம். தடவிய கால் மணி நேரத்தில் நெற்றிப் பொட்டுகள் இரண்டும் தவில் போல அதிரும். சங்க இலக்கிய வகுப்பில் பாலைத்திணையை நடத்துவதற்கு அது பொருத்தமாகவே இருந்தது. நான்காம் நாள் மருத்துவர் களிம்பை மாற்றினார். புதிதாகத் தந்தது டில்டியாசம், 2 சதவீதம். இதுவும் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையாக உள்ள மருந்தே. தசை சுருங்குவதற்குக் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். அந்த வாயிலை இது அடைக்கிறது. வழி வேறு, முடிவு ஒன்று. தலைவலி வெகு குறைவு. சிலருக்கு அரிப்பு வரலாம். நைட்ரேட் களிம்பிடுகிறவர்கள் சில்டனாஃபில் போன்ற மாத்திரைகளைச் சேர்த்து எடுத்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாக விழும். இங்கேயும் சொல்லக் கூசும் இரண்டு செய்திகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இரண்டையும் மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கி நோயாளியை முதலில் வைக்கிறது. பரிமேலழகர் அந்த நோயாளிக்கும் நான்கு கடமைகளை வகுத்திருக்கிறார். கையில் பொருள் இருக்க வேண்டும், மருத்துவர் சொற்படி நிற்க வேண்டும், நோயின் நிலையைத் தெரிவிக்க வேண்டும், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுக்க வேண்டும் என்பன அவை. நெற்றி அதிர்ந்துகொண்டிருந்த நாள்களில் நான்காவதை எண்ணிச் சிரித்துக் கொண்டோம். மூன்றாவதை எண்ணும்போது சிரிப்பு வருவதில்லை.

நம் பெரியப்பா தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நளவெண்பாவை மனப்பாடமாகச் சொல்வார். அறுபத்தைந்தாம் வயதில் அவருக்கு இரத்தம் போகத் தொடங்கியது. மூலம் என்றார். வீட்டிலும் மூலம் என்றோம். பெரியம்மா துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தார். கருணைக்கிழங்கு மசியல் தவறாமல் இலைக்கு வந்தது. அந்த ஒரு சொல்லைக் கொண்டு இரண்டு ஆண்டு ஓட்டினார். மலம் கழியும் வழக்கமே மாறிவிட்டதையும், ரிப்பன் போல மெலிந்து போனதையும், போய் வந்த பின்னும் போக வேண்டும் போலவே இருந்ததையும் அவர் பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் இலக்கணம் பார்ப்பவர். மலக்குடலில் புற்று என்று கண்டபோது கல்லீரல் வரை பரவியிருந்தது. வலிக்கிற வெடிப்பு பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. தொடக்கத்தில் வலிக்காத புற்று அப்படியன்று. இரண்டிலும் சிந்துவது ஒரே நிறம்.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நாற்பது தாண்டியாச்சு, வீட்ல ஒருத்தருக்கு இருந்திருக்கு. புண் ஆறினதும் குழாய் விட்டு ஒரு தடவை பாத்துடணும் சார். இப்ப வலி தாங்க மாட்டீங்க" என்றார். வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, பல இடங்களில் இருந்தாலோ, காசநோய், குடல் அழற்சி போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும் என்பதையும் அன்று தெரிந்து கொண்டோம். களிம்பின் பெயரைத் தெரிந்துகொண்டு நேரே கடைக்குப் போவதால் இவை எதுவும் வெளிப்படாது. எல்லா மலச்சிக்கலுக்கும் இந்தக் களிம்பு உரியதுமன்று. முக்கும்போது வெளித் தசை தளராமல் எதிர்த்து இறுகுகிற வகை ஒன்று உண்டு. அதற்குத் தசையைப் பழக்கும் பயிற்சிதான் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையால் வருவது ஒரு வகை. தைராய்டுக் குறையால் வருவது ஒரு வகை.

ஒன்பதாம் வாரம் புண் ஆறியது. குழாய் விட்டுப் பார்த்ததில் வேறொன்றும் இல்லை. அடுத்த ஆண்டு முகாமுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியுடன் போனோம். நண்பகலில் கழிப்பறைக்காகச் சாலையைக் கடந்து எதிரே இருந்த உணவகத்துக்குப் போய் வந்தோம்.

அங்கே ஒரு நாள் மாலை, தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வேறு கல்லூரியைச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் தயங்கி வந்து நின்றார். குழந்தை பிறந்து ஏழு மாதம். "சார், போன வருஷம் உங்களுக்கு இருந்ததுன்னு சொன்னீங்களே, எனக்கும் அதுதான்னு நினைக்கிறேன்" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்த டாக்டர் லேடி டாக்டரா?" என்று கேட்டார். ஆம் என்றோம். புறநோயாளிகளைப் பார்க்கும் நாள் செவ்வாயும் வெள்ளியும் என்றும், எட்டு மணிக்கே சீட்டு வாங்கிவிட வேண்டும் என்றும் சொன்னோம். தாய்ப்பால் கொடுப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், மருந்து அதைப் பொறுத்தது என்றோம். அவர் சிவப்பு மையால் உள்ளங்கையில் குறித்துக் கொண்டார்.